ஃபரந்தோலுக்குக் கிரேக்கப் பாட்டன் வேண்டாம்: நம் சங்கத்தின் விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அக்காவுக்கும், விழாக் குழுவில் ஓடியாடி வேலை பார்த்த அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

போன மாதம் நடந்த நம் ஆண்டுவிழாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, சாம்பார் பிரமாதம். என் மனத்தாங்கல் பிள்ளைகள் ஆடிய ஃபரந்தோல் பற்றியது, தெற்குப் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் கைகோத்துச் சங்கிலியாக ஆடுகிற ஆட்டம் அது. குழுவுக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் மேடையில் சொன்னதை மண்டபம் முழுக்கக் கேட்டது. பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் அதையே திருப்பிச் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் முகம் உங்களில் பலருக்குத் தெரியும், பெயர் தெரியாது. பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டு போகிற ஆள். புதுச்சேரிக்காரன், பதினெட்டு வருஷமாக ஆர்ல் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். சின்ன வயதில் நான் சைக்கிள் பழகியது சுஃப்ரேன் வீதியில். அந்த சுஃப்ரேன் 1782, 83 வருஷங்களில் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் என்று நம் கரையோரமாகவே ஆங்கிலேயர்களோடு மோதிய பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. அவர் பிறந்தது இங்கே புரோவான்ஸில், எக்ஸ் நகரத்துக்குப் பக்கத்து ஊரில் என்பது இங்கு வந்த பிறகுதான் தெரிந்தது. யாரும் இல்லாத ஊரில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் கிடைத்த மாதிரி இருந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருஷமாக வியாழக்கிழமை சாயங்காலங்களில் உள்ளூர்க் குழு ஒன்றில் தம்பூரின் என்ற முரசு பழகுகிறேன். நன்றாக வாசிப்பேன் என்று சொல்ல மாட்டேன். எங்கே தாளம் தப்புகிறது என்று தெரிகிற அளவுக்கு வாசிப்பேன்.

அறிவிப்பாளர் தம்பி அன்றைக்குச் சொன்னது இது: கிரேக்கர்கள் மார்செய் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த, 2600 ஆண்டுப் பழமை வாய்ந்த நடனம். பிள்ளைகளின் ஆட்டத்துக்கு வந்த கைதட்டலைவிட அந்த 2600க்கு வந்த கைதட்டல் பெரிது. தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு நீட்டும் தாள்களில் இதே கதையை நானும் பார்த்திருக்கிறேன். வந்த புதிதில் ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

கதையை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. போக்கையா என்ற ஊரிலிருந்து வந்த கிரேக்கர்கள் சுமார் கி.மு. 600இல் மார்செய் நகரத்தை அமைத்தார்கள். அது ஒரு துண்டு. தீசியஸ் என்ற வீரன் மினோட்டார் என்ற காளைத்தலை அரக்கனைக் கொன்றுவிட்டுத் திரும்பும் வழியில் டெலோஸ் தீவில் இளைஞர்களோடு சேர்ந்து, அந்த அரக்கன் இருந்த சிக்குப்பாதையின் வளைவுகளை நடித்துக் காட்டுவதுபோல் ஓர் ஆட்டம் ஆடினான், அதற்குக் கொக்கு ஆட்டம் என்று பெயர் எனப் பழங்கால எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். அது இன்னொரு துண்டு. ஃபரந்தோலிலும் நத்தைச் சுருள் போல வளைந்து வளைந்து உள்ளே போய் வெளியே வரும் ஓர் அமைப்பு இருக்கிறதல்லவா? இரண்டையும் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். நடுவில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஓலையும் இல்லை, கல்லும் இல்லை. கைகோத்த முப்பது பேர் ஒரு சின்னச் சதுக்கத்துக்குள் நுழைந்தால் சுருண்டுதான் ஆக வேண்டும், வேறு எங்கே போவார்கள்? அதற்குத் தீசியஸ் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஃபரந்தோல் என்ற சொல்லே புரோவான்ஸ் மொழியின் ஃபரந்தூலோவிலிருந்து பிரெஞ்சுக்குள் வந்தது 18ஆம் நூற்றாண்டில்தான்.

ஒட்டவைக்கத் தோன்றியது ஏன் என்பது எனக்குப் புரிகிறது. பாரிஸ்காரர்கள் இந்தத் தெற்கத்தி மொழியைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்று தள்ளி வைத்த காலம் அது. 1854இல் மிஸ்திரால் என்ற புரோவான்ஸ் கவிஞரும் நண்பர்களும் சேர்ந்து ஃபெலிபிரிஜ் என்ற இயக்கத்தைத் தொடங்கி, எங்கள் மொழியும் இலக்கிய மொழிதான் என்று காட்ட இறங்கினார்கள். மிஸ்திரால் தனியாளாகப் பேரகராதியே போட்டார். 1904இல் நோபல் பரிசு கிடைத்தபோது அந்தப் பணத்தை ஆர்ல் நகரத்தில் தான் தொடங்கியிருந்த அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். மொழியைக் கேலி செய்கிறவனுக்கு முன்னால் நிற்கும்போது கூடவே ஒரு கிரேக்கப் பாட்டனும் நின்றால் தெம்பாகத்தானே இருக்கும்? கல் தோன்றாக் காலத்துப் பெருமை பேசியே வளர்ந்த நமக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டுமா என்ன! அதனால்தான் 2600 என்றதும் நம் மண்டபம் அப்படித் தட்டியது என்று நினைக்கிறேன். பழசு என்ற ஒரு சொல்லுக்கு நாம் சுலபமாக மயங்குவோம்.

இனி, உண்மையில் கிடைப்பதைச் சொல்கிறேன். கைகோத்துச் சங்கிலியாக ஆடுவது இடைக்கால ஐரோப்பாவில் எங்கும் இருந்த வழக்கம். இத்தாலியின் சியனா நகர மன்றத்துச் சுவரில் அம்புரோஜியோ லோரென்செத்தி 1338, 39 வாக்கில் நல்லாட்சி பற்றித் தீட்டிய ஓவியத்தில், நகரத் தெருவில் ஒரு கூட்டம் சங்கிலியாக ஆடுகிறது. ஒருவர் பாட்டுப் பாடித் தாளம் தட்ட, இருவர் தூக்கிப் பிடித்த கைகளுக்கு அடியில் மற்றவர்கள் நுழைந்து போகிறார்கள். நம் பிள்ளைகள் மேடையில் பாலம் பாலம் என்று கத்திக்கொண்டு செய்தது அச்சு அசலாக அதுதான். உடனே ஃபரந்தோல் சியனாவில் பிறந்தது என்று அடுத்த வருஷம் அறிவித்துவிடாதீர்கள், தயவுசெய்து. ஊருக்கு ஊர் இருந்த ஒரு பழக்கத்துக்கு இங்கே ஒரு பெயர், ஒரு நடை, ஒரு வாத்தியம் அமைந்தது. அவ்வளவுதான் கையில் இருப்பது.

ஆனால் பாதங்களின் கதை வேறு. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஃபிரான்சின் லான்ஸ்லோ என்ற ஆய்வாளர் புரோவான்ஸ், லாங்குதொக் பகுதிகளின் ஃபரந்தோல் சங்கங்களைப் பற்றி 1973இல் ஓர் ஆய்வேடு முடித்தார். நீம் நகரத்துக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர்களில், 19ஆம் நூற்றாண்டில் இளைஞர்கள் சங்கம் வைத்து ஃபரந்தோல் பயின்றார்கள், போட்டிக்குப் போனார்கள். அவர்கள் ஆடிய அடவுகளின் பெயர்களைப் பாருங்கள்: அந்த்ரஷா, புறாச் சிறகு. பாலே வகுப்பில் சொல்லித்தருகிற பெயர்கள்! திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்களுக்கு பாலே எங்கிருந்து வந்தது?

பட்டாளத்திலிருந்து. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் படைப்பிரிவுகளில் வாள் வீச்சு சொல்லித்தர வாத்தியார் இருந்ததுபோல நடனத்துக்கும் வாத்தியார் இருந்தார். நன்றாக ஆடுகிற சிப்பாய்க்குச் சான்றிதழ்கூட உண்டு. பதினான்காம் லூயி 1661இல் நடனக் கழகம் அமைத்து ஒழுங்குபடுத்திய அரசவை ஆட்டம், அங்கிருந்து பாரிஸ் மேடைக்குப் போய், அப்புறம் படைமுகாமுக்கு இறங்கி, கட்டாயச் சேவை முடித்து ஊர் திரும்பிய பையனின் காலோடு கிராமத்துக்கு வந்தது. திரும்பி வந்தவன் தம்பிமார்களுக்குக் கற்றுக்கொடுத்தான். தெருவில் கும்பலாக ஓடும் பழைய சங்கிலியும், ராஜசபைத் துள்ளலும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்தன. எங்கள் குழுவில் ஒரு பெரியவர் முழங்கால் அறுவை முடிந்தும் காற்றில் இரண்டு கால்களையும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக் காட்டுவார். அந்த வெட்டுக்குள் ஒரு ராஜாவும் இருக்கிறார், ஒரு ஹவில்தாரும் இருக்கிறார். இதைச் சொல்லியிருந்தால் நம் மண்டபம் கைதட்டியிருக்காதா?

எப்போதும் சாதுவாக இருந்த ஆட்டமும் இல்லை இது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், புரட்சியின் அடையாளமாக நட்ட சுதந்திர மரத்தைச் சுற்றி ஆடினார்கள். 1848இல் வந்த இரண்டாம் குடியரசின் காலத்தில், வார் மாவட்டத்து ஊர்களில் ஃபரந்தோல் கிட்டத்தட்ட அரசியல் ஊர்வலமாகவே ஆகிவிட, அதிகாரிகள் கண்ணில் அது உறுத்தியது. கூட்டம் போடாதே என்று தடுக்கலாம், கைகோத்து ஆடுகிறவனை என்ன சொல்லித் தடுப்பது?

அடுத்து இசை. இதில்தான் குழு மேல் எனக்கு உண்மையான வருத்தம்.

ஃபரந்தோலுக்கு வாசிப்பவர் ஒரே ஆள். அவரைத் தம்பூரினேர் என்பார்கள். இடது கையில் கலூபே என்ற குட்டிக் குழல், இடது தோளிலிருந்தோ முன்கையிலிருந்தோ தொங்கும் தம்பூரின், வலது கையில் ஒரே ஒரு குச்சி. தம்பூரின் என்றதும் நம் தம்பூராவை நினைக்க வேண்டாம், ஜிங்கி வைத்த கஞ்சிராவையும் நினைக்க வேண்டாம். முக்கால் மீட்டர் நீளத்துக்குக் கிட்டத்தட்ட வரும் ஒல்லியான மர முரசு அது. தோலின் மேல் குறுக்கே ஒரு நரம்பு இழுத்துக் கட்டியிருக்கும். அடித்தால் தோலின் சத்தத்தோடு அந்த நரம்பின் ரீங்காரமும் சேர்ந்து வரும். தூரத்திலிருந்து கேட்டால் யாரோ நிறுத்தாமல் முணுமுணுப்பது மாதிரி இருக்கும்.

குழலில் மூன்றே துளைகள். முன்னால் இரண்டு, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. மூன்று துளையில் முழு ஸ்வரமும் எப்படி வரும் என்று நம் பாட்டு டீச்சர் என்னிடம் ஒருமுறை கேட்டார், மேடைக்குப் பின்னால் அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உள்துளை ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருப்பதால் மெதுவாக ஊதினால் வரும் கீழ் ஒலியை யாரும் வாசிப்பதில்லை. கொஞ்சம் அழுத்தினால் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே தாவும். அங்கே எல்லாத் துளையையும் மூடினால் ச, ஒவ்வொன்றாகத் திறந்தால் ரி, க, ம. மறுபடி மூன்றையும் மூடிவிட்டு இன்னும் அழுத்தி ஊதினால் நேராகப் பஞ்சமம். திறக்கத் திறக்க த, நி, மேல் ச. விரல் செய்யாததை மூச்சு செய்கிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் குழலைப் பிடித்துக்கொள்ள மட்டும். இதற்குள் வலது கை தாளத்தை விடக்கூடாது. ஆறு வருஷம் ஆகியும் நான் முரசோடு நிற்பதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

ஒரே ஆள் குழலும் முரசும் வாசிப்பது புரோவான்ஸுக்கு மட்டும் உரிய வித்தையில்லை. 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் ஏட்டுச் சித்திரங்களில் இந்த ஜோடி இருக்கிறது. துவானோ ஆர்போ என்ற புனைபெயரில் ஒரு பாதிரியார் 1589 வாக்கில் வெளியிட்ட நடன நூலிலும் இருக்கிறது. பாஸ்க் நாட்டிலும் கத்தலோனியாவிலும் இதன் பங்காளிகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. மற்ற இடங்களில் முரசு சின்னது, இங்கே அது நீண்டு வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸுக்கே இதன் மேல் மோகம் பிடித்தது. ராமோ என்ற இசையமைப்பாளர் 1724இல் கிளாவ்சின் என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்துக்கு எழுதிய தம்பூரின் என்ற உருப்படியில் இடது கை முரசு மாதிரியும் வலது கை குழல் மாதிரியும் போகும்.

நம் விழாவில் ஒலித்தது என்ன? பிஸே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் ஆர்கெஸ்ட்ரா இசைத்தட்டு. அழகான இசைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வந்த வழி தெரிந்தால் பிள்ளைகளைக் கோத்துவிட்டு அதைப் போட்டிருக்க மாட்டீர்கள். எக்ஸ் நகரத்து ஃபிரான்சுவா விதால் 1864இல் தம்பூரின் பற்றி ஒரு புத்தகம் போட்டார், வரலாறு, கற்கும் முறை, ஊர் மெட்டுகள் எல்லாம் சேர்த்து. தோதே என்ற எழுத்தாளரின் ‘ஆர்ல் நகரத்துப் பெண்’ நாடகத்துக்கு 1872இல் இசையமைத்த பாரிஸ்காரரான பிஸே, புரோவான்ஸ் மெட்டுகளை அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தார். நாடகம் ஓடவில்லை. 1875இல் பிஸே இறந்துபோனார். நான்கு வருஷம் கழித்து அவர் நண்பர் எர்னஸ்ட் கிரோ, நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர், அந்த இசையிலிருந்து இரண்டாவது தொகுப்பு ஒன்றைச் செய்தார். நாம் போட்ட ஃபரந்தோல் அந்தத் தொகுப்பின் கடைசி உருப்படி.

அதில் இருப்பவை இரண்டு மெட்டுகள். ஒன்று மூன்று ராஜாக்கள் பெத்லகேமுக்குப் போகும் கிறிஸ்துமஸ் பாட்டு. அதை நாம் ஜூன் மாத வெயிலில் போட்டோம். இன்னொன்று எக்ஸ் நகரத்துச் சிவாவ் ஃப்ரூஸ் ஆட்டத்துக்கு உரியது. இடுப்பில் அட்டைக் குதிரையைக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள், நம் பொய்க்கால் குதிரைக்குச் சித்தப்பா மகன் மாதிரி, கால்கட்டை மட்டும் கிடையாது. ஆக, பெயர்தான் ஃபரந்தோல், உள்ளே இருப்பது கேரலும் குதிரையாட்டமும்.

நடையும் வேறு. இங்கே தெருவில் ஆடும் ஃபரந்தோல் பெரும்பாலும் திஸ்ர நடை: இரண்டு அடி, அடிக்கு மூன்று மாத்திரை. துள்ளு நடைக்கு அதுதான் தோது, தாவிய கால் கீழே இறங்க அந்த மூன்றாவது மாத்திரை இடம் கொடுக்கும். நம் பிள்ளைகளும் இரண்டு மாதம் அப்படித்தான் பழகினார்கள், டீச்சர் கையால் தட்டினார். விழாவன்று இசைத்தட்டு நான்கு மாத்திரைச் சதுஸ்ரத்தில் பாய்ந்தது. போதாக்குறைக்கு முடிவில் இரண்டு மெட்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மொத்த ஆர்கெஸ்ட்ராவும் முழங்கும். கடைசி வரிசையில் இருந்த என் அக்கா பேத்தி விழுந்ததற்கும், அவளைப் பிடித்திருந்த நான்கு பேர் சேர்ந்து விழுந்ததற்கும் பிள்ளைகளைக் கடிந்துகொண்டார்கள். சங்கிலியின் வால் எப்போதும் தலையைவிட வேகமாக ஓட வேண்டும், அதுவும் திருப்பத்தில். தம்பூரினேர் முன்னால் நடந்தால் வால் தடுமாறுவதைப் பார்த்து அரை நொடி இழுத்து வாசிப்பார். இசைத்தட்டுக்குக் கண் இல்லை.

மேடை இன்னொரு தொல்லை. எட்டு மீட்டர் அகலத்தில் நத்தை சுருள முடியாது. பார்க்கிறவர்களுக்கு முகம் காட்டி ஆடும் ஆட்டமும் இல்லை இது. நின்று பார்க்கிறவனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். எங்கள் குழுவின் தம்பூரினேர் பெரியவரிடம் பேசிவிட்டேன், மேலே சொன்ன அதே முழங்கால்காரர். பெட்ரோல் செலவு கொடுத்தால் போதும் என்கிறார். மசால் தோசை உண்டா என்று இரண்டு தடவை கேட்டார். மேடை நிகழ்ச்சி முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மண்டபத்துக் கதவைத் திறந்து, வாகன நிறுத்தத்தைச் சுற்றி, அந்தப் பிளாட்டான் மரங்கள் நிற்கும் சதுக்கம் வரை போய்த் திரும்பலாம். நகராட்சியிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், அதை நான் எழுதுகிறேன். பட்டுச்சேலையோடு ஓட முடியாது என்று அக்காமார் சொன்னால், நடுவில் நடந்து வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, திஸ்ரம் நடக்கவும் விடும். பிஸே வேண்டுமென்றால் சாப்பிடும்போது போடுங்கள், நானே ரசம் ஊற்றிக்கொண்டு கேட்கிறேன்.

அறிவிப்பாளர் தம்பிக்கும் நான்கு வரி எழுதி வைத்திருக்கிறேன். அவர் பாணியில் மாற்றிக்கொள்ளட்டும்:

‘அடுத்து ஃபரந்தோல். இடைக்கால ஐரோப்பாவின் தெருச் சங்கிலியாட்டத்துக்குப் புரோவான்ஸ் கொடுத்த வடிவம். இதன் துள்ளல்கள் அரசவையில் பிறந்து, படைமுகாம் வழியாகக் கிராமத்துக்கு வந்தவை. வாசிப்பவர் ஒருவரே, இடது கையில் மூன்று துளைக் குழல், வலது கையில் முரசுக் குச்சி. பிள்ளைகள் உங்கள் வரிசை வழியாக வருவார்கள், கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்திருங்கள்.’

படித்துப் பார்க்க ஒரு நிமிஷத்துக்குள் முடிகிறது. பெரியவருக்கு செப்டம்பருக்குள் தேதி சொல்ல வேண்டும், அப்புறம் அறுவடை முடிந்து அவர் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த குழுக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள், குழலைக் கையோடு கொண்டுவருகிறேன். டீச்சரையும் வரச் சொல்லுங்கள், மூன்று துளையில் சரிகம வருகிறதா என்று அவரே ஊதிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
பந்தியில் ரசம் ஊற்றும் புதுச்சேரிக்காரன்